எழுத்தின் மூன்றாவது வடிவம்



தமிழ் இலக்கணத்தைக் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு நாம் முதலிற் சொல்லிக்கொடுக்கும் செய்திகளுள் ஒன்று, எழுத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதாகும். ஒன்று ஒலிவடிவம், மற்றையது வரிவடிவம். வாயாற் சொல்லிச் செவியாற் கேட்பது ஒலிவடிவம். கையால் எழுதிக் கண்ணாற் காண்பது வரிவடிவம். தமிழ்ப் பிராமியிலிருந்து இன்றைய அச்செழுத்து வரை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நமது எழுத்தின் வரிவடிவம் எத்தனையோ முறை மாறியிருக்கிறது. ஆயினும் ககரம் ககரமாகவே இருந்து வருகிறது. வரி மாறினாலும் எழுத்து மாறுவதில்லை.

இந்த இரண்டோடு இன்று மூன்றாவது வடிவம் ஒன்றும் சேர்ந்துகொண்டுள்ளது. அதனை எண்வடிவம் எனலாம். கணனிக்குக் கண்ணும் இல்லை, செவியும் இல்லை. அது அறிந்தது எண்களை மட்டுமே. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணையே அது சேமித்து வைக்கிறது. நாம் தேடும்போது எண்ணைத் தேடுகிறது. நாம் பிரதி செய்யும்போது எண்ணைப் பிரதி செய்கிறது. திரையில் நாம் காணும் எழுத்து அந்த எண்ணுக்குப் போர்த்திய சட்டை மட்டுமே.

இந்த மூன்றாவது வடிவத்தைப் பற்றி ஓர் இலக்கிய நிகழ்ச்சியிற் பேச வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். இது கணனிப் பொறியியலாளரின் வேலையல்லவா என்றும் எண்ணலாம். அப்படி எண்ணியதனாலேயே, கடந்த முப்பது ஆண்டுகளில் நாம் அச்சிட்ட தமிழின் பெரும்பகுதி ஒரு விசித்திரமான நிலையில் இருக்கிறது. கண்ணுக்கு அது தமிழ். கணனிக்கு அது தமிழே அல்ல.

நேயர்களிற் பலர் இதனை அனுபவித்திருப்பீர்கள். ஒரு கட்டுரையோ, சஞ்சிகையோ, ஆய்வேடோ பி.டி.எஃப். கோப்பாக உங்கள் கைக்கு வருகிறது. திறந்து பார்த்தால் அழகான தமிழ். அதிலிருந்து ஒரு பந்தியை மேற்கோளாக எடுக்க விரும்பிப் பிரதி செய்து, உங்கள் கட்டுரையில் ஒட்டுகிறீர்கள். வந்து விழுவது தமிழ் அன்று. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து கிடக்கும் ஒரு குவியல். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாமினி எழுத்துருவில் அச்சிட்ட பக்கத்திலிருந்து அதனைப் பிரதி செய்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியும் வரும். 'இலங்கை' என்ற சொல்லோ ஒரு காற்புள்ளியுடன் தொடங்கும். நாட்டின் பெயரின் முதலெழுத்தே கணனியின் கணக்கில் ஒரு நிறுத்தக்குறியாகிவிடுகிறது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பழைய அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பல அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டி ஒன்று இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் ஈய அச்சுக்கள் கிடக்கும். அச்சுக்கோப்பவர் அறையைப் பார்த்து எடுப்பதில்லை; கை தானாகப் போகும். இப்போது ஆங்கில எழுத்துக்களுக்கெனச் செய்த பெட்டி ஒன்றை நாம் வாங்கி, ஜே என்று பெயரெழுதிய அறையில் தகரத்தையும், கே என்ற அறையில் மகரத்தையும், ஓ என்ற அறையில் ழகரத்தையும் கொட்டி வைத்தோமென்று கொள்ளுங்கள். அச்சடிக்கும் பக்கத்தில் தமிழ் ஒழுங்காகவே விழும். ஆனால் எந்த அறையிலிருந்து எடுத்தாய் என்று கேட்டால், ஜே, கே, பி, ஓ என்றே விடை வரும். பாமினி போன்ற எழுத்துருக்கள் செய்தது இதுவே.

அதனைச் செய்தவர்களைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. அக்காலக் கணனிகளில் ஆங்கிலத்துக்கு மட்டுமே அறைகள் இருந்தன. ஒரு மொழியின் எழுத்தைப் புதிய கருவியில் ஏற்ற வேண்டும்; கருவியோ இடம் தரவில்லை. கிடைத்த இடத்தில் தமிழைக் குடியேற்றினார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் எத்தனையோ நூல்களும் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் அந்த எழுத்துருவால்தான் வெளிவந்தன. அச்சுக்கோப்பவர்கள் தட்டச்சுப் பொறியிற் பழகிய விரல்களோடு பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் அமர்ந்து, பக்கம் பக்கமாக நமது இலக்கியத்தை உருவாக்கினார்கள். அந்த உழைப்பு இல்லையேல் அக்காலத்து எழுத்தின் பெரும்பகுதி அச்சையே கண்டிருக்காது.

தமிழுக்கெனத் தனி அறைகள் கொண்ட பெட்டியும் வெகு காலத்துக்கு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. யூனிகோட் எனப்படும் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 ஆம் ஆண்டு வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. உலகின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் வேறெந்த எழுத்தும் பங்குகொள்ளாத தனி எண் என்பதே அதன் கொள்கை. அந்த முறையில் தகரத்தின் எண் தகரத்துக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் 1999 ஆம் ஆண்டு நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின்னர் வேறு சில குறியீட்டு முறைகளும் வழக்கில் இருந்தன. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு தமிழ்க் கணனி எழுத்துக்கான தரம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற எண்ணுடன் வெளியானது. ஆயினும் பக்க அமைப்புச் செய்யும் பழைய மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை அறியாதவை. ஆதலால் அச்சகங்கள் பாமினியை விடவில்லை. இன்றும் சில இடங்களில் விடவில்லை.

இனிப் பி.டி.எஃப். என்பதன் இயல்பைப் பார்ப்போம். 1993 ஆம் ஆண்டு அடோபி நிறுவனம் வெளியிட்ட இந்தக் கோப்பு முறை, 2008 இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. அதன் நோக்கம் ஒன்றே: ஒரு பக்கம் எந்தக் கணனியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும், ஒரே மாதிரித் தோன்ற வேண்டும். அதற்காக அந்தக் கோப்பு எழுத்துக்களின் உருவங்களையும் தன்னுள் அடக்கி வைத்துக்கொள்கிறது. எந்த உருவம் பக்கத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நுணுக்கமாகக் குறித்துக்கொள்கிறது. அந்த உருவம் எந்த எழுத்து என்பதைச் சொல்லும் அட்டவணை ஒன்றையும் அதனுள் வைக்கலாம். ஆனால் அந்த அட்டவணை கட்டாயமன்று. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பக்கம் அழகாகவே தெரியும்.

சுருங்கச் சொன்னால், பி.டி.எஃப். வரிவடிவத்தை உறுதியாகக் காப்பாற்றுகிறது. எண்வடிவத்தை அது காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாமோ வரிவடிவத்தைக் கண்டதும், முழு எழுத்தும் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

இந்த நோயிலும் வகைகள் உண்டு. முதல் வகை, நான் முன்னர் கூறிய பாமினி வகை. இது பார்வைக்குப் பயங்கரமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. ஏனெனில் ஜே எப்போதும் தகரமே. அதில் ஓர் ஒழுங்கு உண்டு. எழுத்து மாற்றும் மென்பொருளிற் கொடுத்தால் பெரும்பாலும் தமிழாகிவிடும். இரண்டாம் வகையில், பி.டி.எஃப். கோப்பு தன்னுள் வைத்துக்கொண்ட உருவங்களுக்குத் தன் விருப்பம்போலப் புதிய எண்களைக் கொடுத்திருக்கும், அட்டவணையும் இராது. பிரதி செய்தால் வெறுங் கட்டங்களும் பொருளற்ற குறிகளுமே வரும். அதிலிருந்து எழுத்தை மீட்க நேரான வழி இல்லை. பக்கத்தை ஒரு படமாகக் கொண்டு மறுபடி வாசிக்கவே வேண்டும்.

மூன்றாம் வகையே தமிழாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. இதில் நூல் ஒருங்குறியிலேயே எழுதப்பட்டிருக்கும். பிரதி செய்தாலும் தமிழ் எழுத்தே வரும். ஆனால் எழுத்துக்கள் இடம்மாறி நிற்கும். சில காணாமலும் போய்விடும். 'தலைவலி' என்ற சொல்லைப் பிரதி செய்து ஒட்டினால் 'தைலவலி' என்று வரக்கூடும். தலைவலிக்குத் தைலம் பூசுவதுண்டு. தைலத்துக்கே வலி வந்த கதை இது. 'கலை' என்பது 'கைல' ஆகிறது. 'மலை' என்பது 'மைல' ஆகிறது. 'கொழும்பு' என்ற சொல்லிலோ ஒற்றைக்கொம்பு ககரத்தை விட்டு விலகி, முன்னே தனியே போய் நிற்கிறது.

இதன் காரணம் நமது இலக்கணத்திலேயே இருக்கிறது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக வரும் என்பது தொல்காப்பியத்தின் நூன்மரபு சொல்லும் செய்தி. 'லை' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் லகர மெய், பின்னரே ஐகாரம். ஆனால் எழுதும்போது ஐகாரக் குறியை முன்னே எழுதிவிட்டு லகரத்தைப் பின்னே எழுதுகிறோம். ஒலியின் வரிசை வேறு; கையின் வரிசை வேறு. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மூன்றும் இப்படி முன்னே வருபவை. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளோ மெய்யை இருபுறமும் அணைத்து நிற்பவை.

ஒருங்குறி ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது. அதில் லகரம் முதலில். ஐகாரக் குறி பின்னர். திரையிற் காட்டும்போது மட்டும் குறியை முன்னே நகர்த்திக் காட்டும். தட்டச்சுப் பொறியும் பாமினியும் கையின் வரிசையைப் பின்பற்றுபவை. பி.டி.எஃப். கோப்போ உருவங்கள் பக்கத்தில் இடமிருந்து வலமாக எப்படி நிற்கின்றன என்பதையே அறியும். அதிலிருந்து பிரதி செய்தால் கையின் வரிசையே வெளியே வருகிறது. வந்து சேரும் இடமோ ஒலியின் வரிசையை எதிர்பார்க்கிறது. எனவே 'தலை'யின் ஐகாரம் லகரத்துக்கு உரியது என்பதை அறியாமல், தனக்கு முன்னே நிற்கும் தகரத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. தலை தைலமானது இப்படித்தான்.

அதுபோலவே, 'கு', 'து', 'பு' போன்ற உகர உயிர்மெய்கள் கண்ணுக்கு ஒரே உருவமாகத் தெரிபவை. எண்வடிவத்திலோ அவை மெய்யும் குறியுமாக இரண்டு எண்கள். ஓர் உருவம் இரண்டு எண்களுக்கு நிகர் என்று கோப்பில் எழுதி வைக்காவிட்டால், பிரதி செய்யும்போது அந்த எழுத்தே மறைந்துவிடும். 'புத்தகம்' என்ற சொல் தன் முதலெழுத்தை இழந்து 'த்தகம்' என்று வந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள்.

எழுத்துக் கலைவது நமக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. ஜப்பானியர் இதற்கு 'மொஜிபாகே' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். எழுத்து உருமாறிப்போதல் என்பது அதன் பொருள். ஒரு சமூகம் ஒரு துன்பத்துக்குப் பெயர் வைத்துவிட்டால், அதனைப் பற்றிப் பேசவும் தொடங்கிவிடுகிறது. நாம் இன்னும் பெயரும் வைக்கவில்லை, பேசவும் இல்லை. பிரதி செய்தோம், சரிவரவில்லை என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இதனால் என்ன குடி மூழ்கிப்போயிற்று, திறந்து வாசித்தால் தமிழ் தெரிகிறதல்லவா என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு சம்பவத்தைச் சொல்வதுண்டு.

என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இருக்கிறார். பார்வையை இழந்தவர். வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளின் உதவியோடு அவர் தானாகவே படிப்பவர். ஈழத்துச் சிறுகதை பற்றிய பழைய கட்டுரை ஒன்றை அவருடைய நண்பர் பி.டி.எஃப். கோப்பாக அனுப்பியிருந்தார். ஒருநாள் மாலை எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சேர், இந்தக் கட்டுரை தமிழிலைதானோ எழுதியிருக்கு? என்ரை கொம்பியூட்டர் இங்கிலீசு எழுத்தையெல்லோ எண்ணிக்கொண்டு போகுது" என்றார்.

கட்டுரை தமிழில்தான் இருந்தது. நல்ல தமிழ், பன்னிரண்டு பக்கம். பார்வையுள்ள எவரும் திறந்த மாத்திரத்தில் வாசித்துவிடலாம். அவருக்கு மட்டும் அது பூட்டிய வீடு. ஏனெனில் அவருடைய மென்பொருளுக்கு வரிவடிவம் தெரியாது. எண்வடிவம் ஒன்றே தெரியும். எண்வடிவத்தில் அந்தக் கட்டுரை தமிழாக இல்லை. ஆகவே அவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு தமிழ்க் கட்டுரையே உலகில் இல்லை.

எனது வகுப்பு மாணாக்கர் நால்வர் அதனை முறைவைத்துத் தட்டச்சுச் செய்தனர். ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டினார். பின்னர் இருவரும் சேர்ந்து ஒப்புநோக்கினர். மூன்று நாள் மாலை நேரம் சென்றது. நான்காம் நாள் அந்த மாணவர் கட்டுரையைக் கேட்டு முடித்துவிட்டு, அதிலுள்ள ஒரு கருத்தோடு தமக்கு உடன்பாடில்லை என்று என்னோடு அரைமணி நேரம் வாதாடினார். வாசகன் ஒருவன் பிறந்துவிட்டால் இப்படித்தான் நடக்கும். ஆனால் பன்னிரண்டு பக்கத்துக்கு நால்வர் மூன்று நாள் உழைக்க வேண்டுமானால், முப்பது ஆண்டு எழுத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?

பார்வையற்றோருக்கு மட்டும் வந்த இடர் இதுவென்றும் கொள்ள வேண்டாம். தேடுபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். இன்றைய ஆய்வாளன் நூலகத்தின் தட்டுக்களிடையே மட்டும் நடப்பவனல்லன். ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடுகிறான். அகப்படுவதைப் படிக்கிறான், அகப்படாதது இல்லையென்றே எண்ணிவிடுகிறான். நமது ஊர்களில் ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் வெளியிடும் நினைவு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு என்று நாம் சொல்லும் அந்தச் சிறு நூலில் வம்ச வரலாறு இருக்கும். ஊர்க் கோயிலின் கதை இருக்கும். வேறெங்கும் அச்சேறாத நாட்டுப்பாடலும் சில வேளை இருக்கும். பாமினியிற் கோத்து பி.டி.எஃப். ஆக்கி வைத்த அத்தகைய மலரில் உங்கள் ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். ஊர் அங்கே பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். இல்லை என்றே விடை வரும்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பின்னர் எதையும் ஒரே இடத்தில் வைத்து இழந்துவிடக்கூடாது என்ற அச்சம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியது. அந்த அச்சத்தினாற் பிறந்த நல்ல முயற்சிகள் உண்டு. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடிப் பாதுகாத்து வருகிறது. அதற்கு முன்னர் 1998 ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து எல்லோருக்கும் இலவசமாக வழங்கி வருகிறது. இவை போற்றத்தக்க பணிகள். ஆனால் பக்கத்தைக் காப்பது ஒரு படி. எழுத்தைக் காப்பது அடுத்த படி. முதற் படியில் ஏறி நின்றுகொண்டு, மேலே வந்துவிட்டோம் என்று நாம் இருந்துவிடக்கூடாது.

இந்த இரண்டாம் படியைக் கணனி தானாகவே ஏறிவிடும் என்று எண்ணுவோரும் உளர். எழுத்து மாற்றும் மென்பொருள் இருக்கிறதே என்பர். இருக்கிறது, உதவியும் செய்கிறது. ஆனால் அதன் போக்கைச் சற்றுப் பாருங்கள். பாமினியில் ஔகாரத்துக்குத் தனி அறை இல்லை. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியே அதனை உண்டாக்குவார்கள். மாற்றும் மென்பொருள் அதனை ஒகரமும் ளகரமுமாகவே தந்துவிடும். அப்போது ஔவையார் கண்ணுக்கு ஔவையாராகவே தெரிவார். எண்வடிவத்திலோ 'ஒ - ள - வையார்' ஆகிவிடுவார். ஔவையாரைத் தேடுபவருக்கு அவர் அகப்படமாட்டார். அப்படியானால் ஒகரமும் ளகரமும் அடுத்து வரும் இடமெல்லாம் ஔகாரமாக்கிவிடு என்று கட்டளையிடலாமே என்றால், 'ஒளி' கெட்டுவிடும். 'கௌரவ'த்தைத் திருத்தப் போனால் 'தெளிவு' போய்விடும். தெளிவை இழந்து கௌரவத்தைக் காப்பாற்றுவதில் என்ன பயன்?

இன்னுமொன்று. தமிழ்ப் பந்தியின் நடுவே ஆங்கில மேற்கோள் ஒன்று வந்திருந்தால், அதனையும் தமிழென்று கொண்டு அந்த மென்பொருள் மாற்றிவிடும். டி, எச், ஈ என்னும் மூன்றெழுத்தாலான, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் அந்தச் சிறுசொல் 'வாந' என்று வந்து நிற்கும். எது தமிழ், எது தமிழன்று என்று பிரித்தறிய அங்கே வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இந்த இடத்திலேதான் நமது பதிப்பு மரபை நினைக்கிறேன். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஏட்டில் இருப்பது ஓர் உருவம். அது எந்த எழுத்து என்பதைப் பொருளையும் யாப்பையும் இலக்கணத்தையும் கொண்டு பதிப்பாசிரியரே துணிய வேண்டும். 1849 ஆம் ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரத்தோடு திரும்பிய ஆறுமுக நாவலர் செய்தது அதுவே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றியபோது செய்ததும் அதுவே. ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்கு நூல் செல்லும்போது, அதனைக் கைப்பிடித்துக் கடத்திவிட ஒரு தமிழறிஞர் நின்றார்.

இன்று அச்சிலிருந்து எண்வடிவத்துக்கு நமது நூல்கள் கடக்கின்றன. உருவம் ஒன்று, எழுத்து வேறொன்று என்ற அதே இடர் திரும்பி வந்துள்ளது. 'தைலவலி' என்பது ஏடெழுதுவோர் பிழையைப் போன்ற ஒரு பிழையே. ஏடெழுதியவன் பிழையை அறியத் தமிழ் தெரிந்திருந்தாற் போதும். இந்தப் பிழையை அறிய, தமிழோடு எண்வடிவம் பற்றிய அடிப்படை அறிவும் வேண்டும். ஆயினும் கடக்கும் துறையில் நிற்க வேண்டியவர் மாறவில்லை. அவர் தமிழ் கற்றவரே. இந்தப் பணியைப் பொறியியலாளரிடம் விட்டுவிடுவது, ஏட்டுப் பிரதியை ஈய அச்சு வார்ப்பவரிடம் கொடுத்துப் பதிப்பித்துத் தா என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, இனி வெளியிடும் எதுவும் ஒருங்குறியில் அமைய வேண்டும். பாடசாலை மலராயினும், கோயில் மலராயினும், நினைவு மலராயினும் அச்சகத்தாரிடம் இதனை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, பி.டி.எஃப். கோப்பை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம். அதற்கு மூலமான எழுத்துக் கோப்பையும் கேட்டு வாங்கிப் பேணுங்கள். பி.டி.எஃப். என்பது சமைத்த சோறு. மூலக் கோப்பே விதைநெல்.

மூன்றாவது, வெளியிடுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 'கொழும்பு', 'தலைவர்', 'புத்தகம்', 'ஔவையார்' போன்ற நான்கு சொற்கள் நூலில் இருக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டு, அவற்றைத் தேடிப் பாருங்கள்; ஒரு பந்தியைப் பிரதி செய்து ஒட்டியும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆவணக் காப்புக்கென்றே 2005 ஆம் ஆண்டு பி.டி.எஃப்./ஏ என்ற தரம் வகுக்கப்பட்டது. 2011 இல் வெளியான அதன் இரண்டாம் பகுதியில், எழுத்துக்கள் அனைத்துக்கும் ஒருங்குறி எண் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் நிலை ஒன்றும் உண்டு. நூலகம் நடத்துவோர் அந்த நிலையை வேண்டிப் பெறலாம்.

நான்காவது, பழையவற்றை மீட்கும் பணி. பாமினிக் கோப்புக்களை மென்பொருளால் மாற்றியபின், அச்சுப் பிரதியோடு ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க ஒப்புநோக்க வேண்டும். அட்டவணை இல்லாத கோப்புக்களுக்கும் ஒளிவருடிய பக்கங்களுக்கும் எழுத்துணரி மென்பொருள் உண்டு. அது ஆண்டுதோறும் திருந்தி வருகிறது. ஆயினும் ஒத்த வடிவுள்ள எழுத்துக்களில் அது இன்றும் தடுமாறும். காலையும் ரகரத்தையும் பிரித்தறிய முன்னோர் பட்ட பாட்டை அதுவும் படுகிறது. அதன் கையைப் பிடித்துத் திருத்த ஆள் வேண்டும். உயர்தரத்தில் தமிழ் படிக்கும் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு மலரையேனும் இப்படி மீட்டெடுத்தால், அது அவர்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் பயிற்சியாகவும் இலக்கணப் பயிற்சியாகவும் அமையும். உயிர்மெய்யில் மெய் முன், உயிர் பின் என்பது எதற்கு உதவும் என்று வகுப்பில் கேட்கும் மாணவனுக்கும் அங்கே விடை கிடைக்கும்.

எழுத்து ஒலியாக இருந்தபோது அதனைக் காத்தவை செவியும் நினைவும். வரியாக ஆனபோது அதனைக் காத்தவை ஓலையும் தாளும். எண்ணாக ஆகியிருக்கும் இக்காலத்தில் அதனைக் காப்பது, எந்த எண் எந்த எழுத்துக்கு உரியது என்பதில் நாம் கொள்ளும் கவனமே. நாளைய வாசகர் நமது பக்கங்களைத் திறந்து பார்ப்பாரோ, தேடிப் பார்ப்பாரோ, குரலிற் கேட்பாரோ நாம் அறியோம். எவ்வழியால் வந்தாலும் அவருக்குத் தமிழ் தமிழாகவே கிடைக்க வேண்டும்.